இதயமா, இரைப்பையா? – நெஞ்செரிச்சல் கடந்து வந்த வரலாறு

தமிழில் 'நெஞ்சு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. அது மனத்தைக் குறிக்கும், மார்பைக் குறிக்கும், மார்புக்குள் துடிக்கும் இதயத்தையும் குறிக்கும். ஆனால் 'நெஞ்செரிச்சல்' என்று நாம் சொல்லும்போது எரிவது இம்மூன்றில் எதுவுமன்று. இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவதையே அச்சொல்லால் வழங்குகிறோம். இந்த இடமாற்றம் தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேக்கர் 'கார்டியா' என்னும் ஒரே சொல்லால் இதயத்தையும் இரைப்பையின் மேல்வாயையும் குறித்தனர். இன்றும் உடற்கூற்று நூல்கள் இரைப்பையின் மேல்வாயை அப்பெயராலேயே அழைக்கின்றன. ஆங்கிலேயர் 'ஹார்ட்பர்ன்' என்றனர். அரபு மருத்துவர்களோ இதயத்துக்குரிய 'ஃபுஆத்' என்னும் சொல்லை இரைப்பையின் வாய்க்கும் வழங்கி, அங்கு எழும் வலியை 'வஜவுல் ஃபுஆத்' என்றனர்.

இதனை அறியாமை என்று ஒதுக்குவதற்கில்லை. உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே இறங்குகிறது. இரண்டின் வலியையும் மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புப் பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே உடலே தரும் குழப்பத்தைத்தான் மொழிகள் பதிவு செய்துள்ளன. இக்குழப்பம் சொல்லளவில் நின்றிருந்தால் மொழியாய்வாளர்க்கு விருந்தாகி முடிந்திருக்கும். அது உயிரளவும் செல்வதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

நமது ஊர் சிவகிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பழைய ஜமீன் ஊர். முன்னர் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்திருந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் தனி வட்டமாக விளங்குகிறது. அடுத்துள்ள புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் பெற்றது. ஆதலால் இப்பகுதியில் வயிறு பொருமினாலும், நெஞ்சு கரித்தாலும், ஏப்பம் வராமல் திணறினாலும், ஓர் எலுமிச்சையைப் பிழிந்து உப்பும் சோடாவும் கலந்து குடிப்பதே முதல் வைத்தியம். பெருநாள் முடிந்த ஓர் இரவில் நம் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு நெஞ்சில் பாரமும் எரிச்சலும் தோன்றின. 'நெய்ச்சோறு கொஞ்சம் அதிகம், கேஸ்தான்' என்றார். எலுமிச்சைச் சோடா வந்தது. இஞ்சிச் சாறு வந்தது. வியர்த்துக் கொட்டியபோது விசிறி வந்தது. மருத்துவர் மட்டும் வரவில்லை. வரவழைக்க வேண்டும் என்று நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. ஃபஜ்ருக்கு முன் அவர் காலமானார். இதயத்தின் இரத்தக்குழாய் அடைபட்டிருந்திருக்கலாம் என்று, மறுநாள் அடக்கத்துக்கு வந்திருந்த மருத்துவ உறவினர் ஒருவர் நாம் சொன்ன அறிகுறிகளைக் கேட்டுத் தலைகுனிந்து கூறினார்.

அந்த இரவிலிருந்து நம்மைத் தொடர்ந்துவரும் வினாவே இக்கட்டுரையின் தலைப்பு. அவ்வினாவை எடுத்துக்கொண்டு நாம் கற்ற அரபு நூல்களுக்குச் சென்றபோது, அது மிகப் பழைய வினா என்பது தெரிய வந்தது.

மஃபூத்

அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் மருத்துவம் பற்றிய பகுதியில் ஒரு செய்தி இடம்பெற்றுள்ளது. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வருகிறார்கள். அவருடைய மார்பின் மீது கையை வைத்துப் பார்க்கிறார்கள். அவர் 'மஃபூத்' என்று, அதாவது ஃபுஆதில் நோய் கண்டவர் என்று சொல்கிறார்கள். பின்னர் ஸகீஃப் குலத்தவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறும், அவர் மருத்துவம் செய்பவர் என்றும் கூறி, அஜ்வா பேரீச்சம் பழங்களை இடித்துக் கொடுக்கும் முறையையும் குறிப்பிடுகிறார்கள். இச்செய்தியின் அறிவிப்புத் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்நோய் இதயத்தைச் சார்ந்ததா, இரைப்பையின் வாயைச் சார்ந்ததா என்பதும் சொல்லின் இயல்பினால் இருபுறமும் பொருள்படுவதாகவே உள்ளது. எனினும் அதில் அமைந்துள்ள வரிசை நம் கவனத்துக்குரியது. முதலில் தொட்டுப் பார்த்தல். அடுத்து நோய்க்குப் பெயரிடுதல். அதன்பின் அத்துறை அறிந்தவரிடம் அனுப்புதல். ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகின்றனர். பிற சமயத்து மருத்துவரை நாடலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சியைச் சான்றாக எடுத்துக்கொண்ட அறிஞரும் உளர்.

இந்த ஹாரிஸ் தாயிஃப் நகரத்தவர். பாரசீகத்தின் ஜுந்திஷாபூரில் மருத்துவம் பயின்றவர் என்பது மரபுச் செய்தி. இரைப்பையே நோயின் இல்லம், உணவுக் கட்டுப்பாடே மருந்தின் தலை என்னும் கருத்துடைய ஒரு கூற்றை நம் மேடைகளில் நபிமொழியாக எடுத்துச் சொல்லக் கேட்கிறோம். நாமும் இளமையில் அவ்வாறே சொல்லியிருக்கிறோம். ஆனால் அது ஹாரிஸின் கூற்று என்றும், நபி (ஸல்) அவர்களுடன் அதனை இணைப்பது சரியன்று என்றும் இப்னுல் கய்யிம் (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 751 / 1350) தமது 'ஸாதுல் மஆத்' நூலில் தெளிவுபடுத்தியுள்ளார். ஸகாவீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 902 / 1497) அவர்களும் மக்கள் நாவில் உலவும் செய்திகளை ஆராய்ந்த நூலில் இதே முடிவையே தருகிறார். ஒரு நல்ல மருத்துவரின் சொல், மருத்துவரின் சொல்லாக நிற்பதால் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. வயிற்றின் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் போதும் என்னும் கருத்தில் மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அறிவித்துத் திர்மிதீயில் பதிவான நபிமொழி நமக்கு இருக்கவே செய்கிறது.

ஆறு அவசியங்கள்

அரபு மருத்துவர்கள் இரைப்பையைப் பற்றி வெறும் அறவுரையோடு நின்றுவிடவில்லை. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஹ்மத் இப்னு அபில் அஷ்அத் என்பவர் 959இல் ஒரு சிங்கத்தின் வயிற்றைத் திறந்து ஆய்ந்ததைத் தம் நூலில் விவரிக்கிறார். இரைப்பை சிறியது என்று கூடியிருந்தோர் எண்ணினர். அவர் அதன் தொண்டை வழியே குடம் குடமாக நீரை ஊற்றினார். இரைப்பை விரிந்துகொண்டே போயிற்று. உட்புறத்து மடிப்புகளெல்லாம் மறைந்து வழவழப்பாயிற்று. பின்னர் அதனைக் கீறி நீரை வெளியேற்றியதும் சுருங்கிற்று. உண்டால் விரியும், ஒழிந்தால் சுருங்கும் உறுப்பு அது என்பதைக் கண்ணால் காட்டிய ஆய்வு அது. அளவுக்கு மீறி விரியும் இரைப்பைதான் தன் வாயைத் தளரவிடுகிறது என்பதை இன்றைய மருத்துவம் அறியும்போது, அந்தக் குடங்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

அபூபக்ர் அர்-ராஸீ (இறப்பு ஹிஜ்ரி 313 / 925) உணவுகளின் பயன்களையும் அவற்றின் தீங்குகளை விலக்கும் வழிகளையும் தனி நூலாகவே எழுதினார். இப்னு சீனா (ஹிஜ்ரி 370–428 / 980–1037) தமது 'அல்-கானூன் ஃபித் திப்' நூலின் மூன்றாம் பாகத்தில் தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாக நோய்களை விளக்கி வருகையில், உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் ஒரு பகுதியையே ஒதுக்கினார். உணவுக்குழாயை அவர்கள் 'மரீ' என்றனர். இன்றைய அரபு மருத்துவ நூல்களும் அமிலம் மேலேறும் நோயின் பெயரில் அச்சொல்லையே கையாள்கின்றன.

அம்மருத்துவர்கள் உடல்நலத்துக்கு இன்றியமையாதவை என்று ஆறினை வகுத்தனர். காற்று, உணவும் பானமும், உடலின் இயக்கமும் ஓய்வும், மனத்தின் இயக்கமும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், கழிவனவும் தங்குவனவும். 'அஸ்பாப் ஸித்தா' எனப்படும் இவ்வாறும் யூனானி மருத்துவத்தின் அடித்தளமாக இன்றும் கற்பிக்கப்படுகின்றன. பக்தாதின் இப்னு புத்லான் (இறப்பு 1066) இவற்றை எவரும் எளிதில் பார்த்தறியும் வண்ணம் கட்டங்களாக வகுத்து எழுதிய நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவிற்று. இன்றைய மருத்துவர் 'வாழ்க்கை முறை மாற்றம்' என்று சீட்டில் எழுதித் தருவது இந்த ஆறனுள் அடங்குவதே.

ஆயினும் நம் முன்னோர் எட்டிய எல்லையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புளியேப்பம் குளிர்ந்த மிஸாஜின் அடையாளம். புகைநாற்றமுள்ள ஏப்பம் வெப்ப மிஸாஜின் அடையாளம் என்று அவர்கள் பிரித்தனர். உணவு சரிவரச் சமையாததால் புளிப்பு உண்டாகிறது என்பது அவர்தம் கருத்து. நலமுள்ள இரைப்பையே கடுமையான அமிலத்தைச் சுரக்கிறது என்பது அவர்கட்குத் தெரியாது. மஸ்தகீ, சீரகம் முதலியன சேர்ந்த ஜவாரிஷ் வகைகளால் அவர்கள் செரிமானத்தைச் சீராக்க முயன்றனர். நம் சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றனை எரிகுன்மம் என்றன. பெயரிடும் திறனும், நோயாளியைக் கூர்ந்து நோக்கும் பொறுமையும் இரு மரபிலும் நிறைந்திருந்தன. உள்ளே நடப்பதைக் காணும் கருவிதான் இல்லை.

புளிப்பின் மூலம்

அந்தக் குறை 19ஆம் நூற்றாண்டில் நீங்கத் தொடங்கியது. இரைப்பையில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று இலண்டனின் வில்லியம் பிரவுட் 1823 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டு, 1822 ஜூன் 6 அன்று, வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞர் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் புண் முழுதும் மூடாமல் இரைப்பைக்குள் ஒரு துளை நிலைத்துவிட்டது. அத்துளை வழியே உணவுத் துண்டுகளை நூலில் கட்டி இறக்கியும், சாற்றை எடுத்து ஆராய்ந்தும் போமண்ட் இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்து 1833இல் நூலாக வெளியிட்டார். கோபமும் கவலையும் செரிமானத்தைக் குலைப்பதையும் அவர் அங்கே கண்டார். 'மனத்தின் இயக்கமும் அமைதியும்' என்று முன்னோர் வகுத்ததற்கு அது கண்கண்ட சான்றாயிற்று.

அமிலம் இரைப்பைக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. அது மேலேறுவதே நோய் என்பது துலங்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1935இல் நியூயார்க்கின் ஆஷர் விங்கெல்ஸ்டீன், இரைப்பைச் சாற்றினால் உணவுக்குழாய் அழலுறுவதைத் தனி நோயாக விவரித்தார். 1956இல் உணவுக்குழாயின் அடியில் அழுத்தம் மிகுந்த ஒரு வளையப் பகுதி இருப்பது அளவீட்டின் மூலம் மெய்ப்பிக்கப்பட்டது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்தச் சுருக்குத் தசைதான் வாயிற்காவலன். உணவு இறங்கும்போது திறந்து, இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டியது அது. வயிறு புடைக்க உண்ணும்போதும், கொழுப்பு மிகும்போதும், புகையிலையின் நஞ்சு சேரும்போதும் வேளையல்லாத வேளையில் தளர்கிறது. உண்டவுடன் படுத்தாலோ, காவலன் தளர்ந்த வாயிலை நோக்கி அமிலத்தை நாமே சாய்த்துவிடுகிறோம்.

நெய்யூர் தரும் பாடம்

இனி நம் தென்கோடிக்கு வருவோம். நம்மூர்களில் வயிற்றில் எரிந்தால் 'கேஸ்' என்பார்கள். இரண்டு நாள் நீடித்தால் 'அல்சர்' என்பார்கள். இரைப்பைப் புண் வேறு, அமிலம் மேலேறுதல் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தென்தமிழகத்திலும் திருவிதாங்கூரிலும் குடற்புண் மிகுந்திருந்தது. 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரப் பயணங்களில் பங்கேற்ற ஆங்கில அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், முதற்பயணத்தின் பின் இந்நாட்டைச் சுற்றிவந்து, அக்காலத்துத் தென்திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் நெருக்கடியைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டு அங்கேயே பணிசெய்ய வந்துவிட்டார். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள அந்த நெய்யூரில் அவரிடம் வந்த நோயாளிகளுள் குடற்புண் நோயாளிகள் பெருந்தொகையினர். அவர்களுக்கு ஆற்றிய அறுவைகளின் பட்டறிவைக் கொண்டு இரைப்பை, முன்குடல் அறுவை பற்றி 1948இல் நூலே எழுதினார்.

இப்புண்ணுக்குக் காரணம் என்ன? மிளகாய் என்றனர், அரிசியும் மரவள்ளியும் என்றனர், சத்துக் குறைவு என்றனர், வேளை தவறிய உணவு என்றனர். 1982இல் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பைக்குள் வாழும் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியை இனங்கண்டு வளர்த்தபோதுதான் விடை கிடைத்தது. 2005இல் அவர்கட்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் அக்கிருமியும், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாமாக வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகளுமே. கிருமியாலான புண் உரிய மருந்துகளை ஓரிரு வாரம் உட்கொண்டால் ஆறுவது. அமிலம் மேலேறுதலோ கிருமியால் வருவதன்று. வாயிற்காவலனின் தளர்ச்சியால் வருவது. ஒன்றுக்குரிய மருந்தால் மற்றொன்று தீராது. பெயர் தவறினால் மருந்தும் தவறும் என்பதே நெய்யூர் தரும் பாடம்.

மாத்திரையின் காலம்

அமிலச் சுரப்பையே குறைக்கும் மருந்தை ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக்கின் குழுவினர் கண்டறிந்தனர். சிமெட்டிடின் என்னும் அம்மருந்து 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981இல் ரானிடிடின் வந்தது. 1988இல் சுவீடனிலிருந்து ஒமிபிரசோல் வந்தது. அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்பையே அது அடைத்துவிடுகிறது. பான்டோபிரசோல் முதலியன அதன் வழிவந்தவை. அறுவை மேசையில் கிடத்தப்பட்ட தலைமுறைக்குப் பின் வந்த நாம் ஒரு சிறு மாத்திரையில் நலம் பெறுகிறோம். இதனை அருட்கொடை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கொடையை நாம் கையாண்ட விதமே வருந்தத்தக்கது. நம் கதையையே சொல்வோம். நாற்பது வயதைக் கடந்தபின் விடியற்காலையில் நமக்கு வாய் புளித்தது, வறட்டிருமல் விடவில்லை, வகுப்பில் குரல் கம்மிற்று. அரபு எழுத்துகளுள் ஹம்ஸா, ஹா, ஐன், கைன் முதலிய ஆறும் தொண்டையில் பிறப்பவை. அவற்றை மாணவர்க்கு ஒலித்துக் காட்டுவதே நம் தொழில். ஐனும் கைனும் தொண்டையில் சிக்கிக்கொண்ட நாட்களில் நாம் அடைந்த கூச்சத்தை ஆசிரியர்கள் அறிவர். இருமல் மருந்து குடித்தோம், பனங்கற்கண்டு சுவைத்தோம். பின் யாரோ சொல்லக் கேட்டு மருந்துக்கடையில் ஒரு மாத்திரையை வாங்கி, மருத்துவரைக் காணாமலே நான்கு ஆண்டுகள் விழுங்கினோம். அதுவும் உண்டபின் விழுங்கினோம்! இறுதியில் நம்மைச் சோதித்த மருத்துவர் கேட்ட முதற்கேள்வி மருந்தைப் பற்றியதன்று. "இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்றார். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே விடைதான் இருந்தது.

அவர் விளக்கியதும், பின்னர் நாம் படித்தறிந்ததும் இவை. பான்டோபிரசோல் வகை மருந்துகளை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு, பொதுவாக வெறும் வயிற்றில், உட்கொண்டாலே முழுப்பயன் கிட்டும். எச்சரிக்கைக் குறிகள் இல்லாதவருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அதன்பின் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். உணவுக்குழாய் கடுமையாக அழன்றவர்க்கு நீண்டகாலம் தேவைப்படலாம். அவர்கள் அஞ்சி நிறுத்துவதும் தவறே. நீண்டகாலம் உண்போருக்கு மக்னீசியமும் பி-12 உயிர்ச்சத்தும் குறையக்கூடும். ஆகவே கண்காணிப்பு வேண்டும். நோயே இல்லாத தன்னார்வலர்கள் எட்டு வாரம் இம்மருந்தை உண்டு நிறுத்தியபோது அவர்களுள் பலருக்கு நெஞ்செரிச்சல் புதிதாகத் தோன்றியதை 2009இல் டென்மார்க் ஆய்வொன்று காட்டியது. தேவையின்றித் தொடங்குவது எளிது, விடுவது கடினம் என்பதற்கு அது சான்று. டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை நம் கடைகளில் கேட்ட மாத்திரத்தில் தருகிறார்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து கருதி 2014இலேயே ஐரோப்பிய மருந்து ஆணையம் அதன் பயன்பாட்டைச் சுருக்கிவிட்டது. ரானிடிடினில் புற்றுநோய் ஐயத்துக்குரிய மாசு காணப்பட்டதால் 2020இல் அமெரிக்கா அதனைச் சந்தையிலிருந்து நீக்கச் செய்தது. 2022இல் நம் நாட்டின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலிருந்தும் அது விலக்கப்பட்டது.

இரண்டு செங்கல்

ஒழுங்கின் பக்கம் எது உண்மையில் பயன் தருகிறது? 2006இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று அதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, இரண்டுக்கே வலுவான சான்று உண்டென்றது: உடல் எடையைக் குறைத்தல், படுக்கையின் தலைமாட்டை உயர்த்தல். தலையணைகளை அடுக்குவது இதற்கு உதவாது. அது கழுத்தை மடக்கி வயிற்றை அமுக்கும். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டு செங்கற்களை வைத்தால் ஆறங்குல உயரம் கிட்டும். நம் வீட்டில் அதுவே செய்தோம், செலவு ஒன்றுமில்லை. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணிநேர இடைவெளி வேண்டும் என்பதையும் பின்னர் வந்த மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. தென்காசிச் சாலையோரத்தில் இரவு பத்து மணிக்குச் சால்னாவில் ஊறிய புரோட்டாவை உண்டு பதினொரு மணிக்குப் படுக்கும் நம் வட்டாரப் பழக்கத்துக்கு இதுவே கடினமான கட்டளை.

உணவு விலக்கில் எல்லார்க்கும் ஒரே பட்டியல் இல்லை. ஒருவருக்குக் காரம் ஆகாது. மற்றவருக்குத் தேநீர் ஆகாது. எண்ணெயில் பொரித்தது பலர்க்கும் ஆகாது. எது தமக்குத் தீங்கு செய்கிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்துப் பார்த்தல் நலம். பால் எரிச்சலை உடனே தணிப்பதாகத் தோன்றினும் பின்னர் அமிலத்தைத் தூண்டும். செரிமானத்துக்கென்று நாம் விரும்பிக் கொள்ளும் புதினா, காவலனைத் தளர்த்தக்கூடியது. எலுமிச்சைச் சோடாவைப் பற்றி நாம் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

உறக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அமிலம் மேலேறுவது குறைகிறது என்பது இன்றைய ஆய்வுகளின் முடிவு. வலப்பக்கம் சாய்ந்து படுப்பது ஸுன்னத் ஆயிற்றே என்று நம் வாசகர் வினவலாம். உண்டபின் முதலில் வலப்பக்கமும், செரிமானம் விரைவுபடச் சிறிதுநேரம் இடப்பக்கமும் திரும்பிப் படுப்பதை இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களே குறிப்பிட்டுள்ளார். இறுதியில் வலப்பக்கமே தங்குவதை அவர் சிறப்பித்தார் என்பதும் உண்மை. வலப்பக்கம் சாய்ந்து உறக்கத்தைத் தொடங்கி, நோயின் பொருட்டு இடப்பக்கம் திரும்பிக்கொள்வதில் நாம் முரண்பாடு எதையும் காணவில்லை.

ரமளானில் இந்நோயாளிகள் படும் இடர் பெரும்பாலும் நோன்பினால் வருவதன்று, இஃப்தாரினால் வருவது. வடையும் சமோசாவும் கஞ்சியும் ஒரே மூச்சில் உள்ளே சென்றபின் மக்ரிபின் ருகூவிலும் ஸஜ்தாவிலும் குனிந்தால் அமிலம் தொண்டைக்கு வராமல் என் செய்யும்? நமக்கு மருத்துவர் வகுத்துத் தந்த முறை எளியது. பேரீச்சம் பழமும் நீரும் கொண்டு நோன்பு திறந்து, அப்போதே மாத்திரையை விழுங்கி, மக்ரிப் தொழுதபின் அரைமணி கழித்து அளவாக உண்ணுதல். ஸஹர் உண்டவுடன் மீண்டும் படுக்காதிருத்தல். இவ்வாறு இருந்த ஆண்டு முதல் தராவீஹில் நம் குரல் தடைப்படவில்லை. மருந்தின் வேளையை அவரவர் தம் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்க.

பெயரிடுதல்

இந்திய இரைப்பை-குடலியல் சங்கத்தின் பணிக்குழு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்நாட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் குறிப்பிடத்தக்க அளவில் இந்நோயால் துன்புறுகின்றனர். ஒரு ஜும்ஆவுக்குக் கூடும் ஐந்நூறு பேரில் ஏறத்தாழ நாற்பது பேர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அவர்களுள் பெரும்பாலோர்க்கு உணவு ஒழுங்கும் சிறிதுகால மருந்துமே போதும். ஆனால் விழுங்குவதில் சிக்கல், காரணமின்றி எடை குறைதல், கறுப்பு மலம், இரத்த வாந்தி, சோகை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தை விட்டு உள்நோக்கிச் சோதனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சில் பாரமோ இறுக்கமோ தோன்றி, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலும், தோளுக்கும் தாடைக்கும் வலி பரவினாலும், நடக்கும்போது மிகுந்தாலும், அது இதயமே என்று கொண்டு அந்தக் கணமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் எரிச்சலாகவும் குமட்டலாகவும் மட்டுமே வெளிப்படலாம். ஓர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, 'கேஸ்தான்' என்று மருத்துவர் சொல்லித் திரும்பி வருவதில் வெட்கமில்லை.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளியின் மார்பில் வைக்கப்பட்ட கையை நாம் மீண்டும் நினைக்கிறோம். தொட்டுப் பார்த்தபின் பெயரிடப்பட்டது. பெயரிட்டபின் மருத்துவரிடம் வழிகாட்டப்பட்டது. அந்தப் பெருநாள் இரவில் சிவகிரியில் நாம் தொட்டும் பார்க்கவில்லை, எவரிடமும் அனுப்பவுமில்லை. பெயரை மட்டும் முதலிலேயே வைத்துவிட்டோம்.